பின்கதவுத் தாழ்ப்பாள்

எங்கள் பேக்கரியின் பின்கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர் அயூப், எங்களிடம் வேலை செய்யும் வீரம்மா. நான்காவது ஒரு கரடி. இதில் இன்றுவரை திணறிக்கொண்டிருப்பவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான்.

அரவேணுவில் கடைவீதி முடிந்து தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது கடை. வர்க்கி போடுகிறோம். கடித்தால் சட்டையெல்லாம் உதிர வேண்டும், அதுதான் வர்க்கி. உதிராததை நான் பிஸ்கட் கணக்கில்கூடச் சேர்க்கமாட்டேன். நாங்கள் ஈஸ்ட் போடுவதில்லை. மைதா, ரவை, சர்க்கரை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் எல்லாவற்றையும் கரைத்து ஒரு பெரிய டப்பில் ராத்திரி மூடி வைத்துவிடுவோம். விடிவதற்குள் அது புளித்துப் பொங்கி நிற்கும். அதைச் சேர்த்துத்தான் வர்க்கிக்குப் பிசைவது. அந்த வாசனைக்கே தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று போவார்கள்.

முன்பெல்லாம் அந்த டப் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். குளிருக்கு அந்தச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் மாவு அசையாது. இப்போது எங்கள் மலை ஊரிலேயே மின்விசிறி விற்கிறது. என் கொழுந்தனார் ஜமீல் ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடையை மூடிவிட்டு ஃபேன் கடை வைத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பருகே வைத்த மாவு பாதி ராத்திரியிலேயே பொங்கி, விடியும்போது காடியாகிவிட ஆரம்பித்தது. அதனால் டப்பைப் பின்னறைக்கு மாற்றினோம். பின்னறைக் கதவைத் திறந்தால் ஒரு பேரிக்காய் மரம், அதற்கப்பால் தேயிலை. கதவுக்கு வெளிப்பக்கத்தில் திருப்பிவிடுகிற ஒரு மரக்கட்டைதான் பூட்டு, சாவி எல்லாம்.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. டப் கழுவிக் கவிழ்த்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. கதவைச் சாத்தாமல் வந்துவிட்டார் என்று வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கட்டிக்கொண்டார். மனிதர் அப்படித்தான், செய்யாததற்கும் தலையாட்டுவார். பிறகு மரக்கட்டைக்குப் பதில் இரும்புத் தாழ்ப்பாள் போட்டோம். அதுவும் திறந்து கிடந்தது. ஜமீலிடம் சொல்லி வெளியே ஒரு கேமரா மாட்டினோம். மறுநாள் போனைச் சுற்றி நின்று மூன்று பேரும் பார்த்தோம்.

கரடி பின்கால்களில் எழுந்து நின்றது. நீண்ட நகம் ஒன்றைத் தாழ்ப்பாளில் மாட்டி இழுத்தது. வரவில்லை. ஒரு கணம் யோசித்தது. சத்தியமாக யோசித்தது, நான் பார்த்தேன். பிறகு கதவைத் தோளால் லேசாக முட்டிக்கொடுத்து மறுபடி இழுத்தது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது. மழைக்கு உப்பிய கதவு அது, முட்டிக்கொடுத்தால்தான் தாழ்ப்பாள் நகரும்.

"பாய், இந்த வித்தை உங்களுக்கே வராதுங்களே," என்றாள் வீரம்மா.

"அதுக்கு நகம் இருக்குது," என்றார் அவர்.

"நகம் இல்லீங்க, பொறுமை," என்றேன் நான்.

அடுத்து கொண்டி போட்டுக் கம்பியால் முறுக்கிப் பார்த்தோம். கம்பியைப் பிரித்துவிட்டது. கடைசியில் பூட்டுப் போட்டோம். காலையில் பூட்டு அப்படியே தொங்கியது, கதவின் பலகைதான் இல்லை. தச்சர் வந்து பார்த்துவிட்டு, பூட்டாமல் விட்டால் கதவாவது மிஞ்சும் என்றார். மறுபடி இரும்புத் தாழ்ப்பாளுக்கே வந்து சேர்ந்தோம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த வீடியோவை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் வீடியோவில் அதன் முதுகில் ஏதோ மூட்டைபோல் இருந்தது. மூட்டை அசைந்தது. குட்டி. அம்மாவின் பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த பிள்ளை மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா தாழ்ப்பாளில் கை வைத்ததும் தோளுக்கு மேலே எட்டி அந்த நகத்தையே பார்த்தது. அன்றிலிருந்து எனக்கு அது 'அவள்' ஆகிவிட்டது.

அவள் எங்கிருந்தோ காட்டிலிருந்து வரவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்துதான் வந்தாள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லையென்று சிறு தோட்டக்காரர்கள் பலர் செடியைக் கழிக்கும் கவாத்துகூட வெட்டாமல் போட்டுவிட்டார்கள். உண்ணிச்செடி ஆளுயரம் ஏறிவிட்டது. உள்ளே படுக்க நிழல், தின்ன உண்ணிப்பழம். நாம் விட்டுவிட்டு வந்த இடத்தில் அவள் குடித்தனம் வைத்தாள். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்?

தெருவும் அவளுக்காகப் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. கோயில் பூசாரி, அவள் குடித்துவிடாமல், விளக்குக்கு ஊற்றும் எண்ணெயை இருட்டுமுன் வீட்டுக்கு எடுத்துப் போனார். டீக்கடைக்காரர் வாழைத்தாரை உள்ளே மாட்டினார். டியூஷன் போகிற பிள்ளைகள் கூட்டமாக, சத்தமாகப் பாடிக்கொண்டு போனார்கள். அவளும் எங்களைப் படித்துவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கடை இல்லை, வியாழன் ராத்திரி மாவு கரைக்கமாட்டோம். வியாழன் ராத்திரி அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. ஜும்ஆ அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பூரித்துப்போனார். மோப்பம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். டப்பைத் தூக்கி எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்தேன். வீடு கடைக்குப் பக்கத்திலேயே. இனி எப்படித் திறக்கிறாள் பார்ப்போம் என்று சவால்கூட விட்டேன். மறுநாள் சாயங்காலம் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு நீண்ட மூக்கு வந்து உஸ்ஸென்று காற்றை இழுத்தது. நான் போட்ட சத்தம் கடைவீதி முழுக்கக் கேட்டதாம். அவள்கூடப் பயந்துவிட்டாள். ஆனால் ஓடும்போது டியூஷன் பிள்ளைகள் வருகிற வழியில் ஓடினாள். ஒரு பெண் பிள்ளை விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டது. அவ்வளவுதான் ஆனது. ஆனால் அதற்குமேல் ஆகியிருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரு திரண்டு வனத்துறையிடம் கூண்டு கேட்டது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் பிள்ளை விழுந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

வனக்காப்பாளராக இருக்கும் கெஸியா என்ற பிள்ளை வந்தது. லவ்டேல் பெண், பார்க்கச் சின்னப் பெண்ணாக இருக்கும், ஆனால் பேச்சில் வழவழா கொழகொழா கிடையாது.

"அக்கா, கூண்டு வெக்கறது ஒரு நாள் வேலைங்க. தாய் உள்ள போயிக் கதவு விழுந்துருச்சுன்னா குட்டி வெளிய நிக்கும். ரெண்டும் ஒண்ணா கூண்டுல ஏறும்னு நான் எப்படிங்க சொல்றது?"

"வெளிய நின்னா?"

"கத்திட்டே சுத்தும். பால் குடிக்கற வயசு. நம்ம கையிலதான் வளரோணும். அப்பறம் அது காட்டுக்கு ஆகாதுங்க்கா."

என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெஸியா அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது.

"ரெண்டு வாரம் டைம் கேட்டு வாங்கித் தர்றேன். அதுக்குள்ள உங்ககிட்ட அதுக்கு ஒரு வாய்கூடக் கெடைக்கக் கூடாது. கெடைக்கலேன்னா அதுவே விட்டுரும். ஒரு வாய் கெடைச்சாலும் கூண்டுதானுங்க. அப்பறம் என்னையக் கேக்காதீங்க."

சரி என்றேன். டப்பைக் கழுவி மறுபடி பின்னறையில் வைத்து, மூடிமேல் அம்மிக்கல்லை ஏற்றினேன். மறுநாள் காலைத் தொழுகை முடித்து வெளியே வந்தால், என் வீட்டுக்காரர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பூனைபோல் பேரிக்காய் மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க, வாளில என்னது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "மாவு புளிச்சுக் காடியாயிருச்சு. அதான்."

"அதான்னா?"

"சாக்கடைல ஊத்தச் சொல்றியா? அல்லா குடுத்த பண்டம் புள்ள. நாலு பேர் கால் படற எடத்துல கொட்டக் கூடாது. வாயில்லாத ஜீவன் ஏதாச்சும் திங்கட்டும்னு கல்லு மேல வெக்கறது."

"எத்தன நாளா இது?"

"எங்கத்தா காலத்துல இருந்து. அப்ப வருசத்துக்கு ஒருக்கா கெடும். இப்பத்தான் வாரத்துக்கு ரெண்டு தடவ கெட்டுப்போகுது."

மரத்தடியில் ஒரு அகலமான கல். மற்ற கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடக்க, அது மட்டும் வழுவழுவென்று இருந்தது. சுற்றிலும் மண்ணில் நகக் கீறல். தென்னந்துடைப்பம் ஒன்று மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. மனிதர் தினமும் கல்லைக் கூட்டிச் சுத்தம் வேறு செய்திருக்கிறார்.

"நீங்க இங்க விருந்து வெச்சிட்டிருந்தீங்க," என்றேன். "நான் அங்க தாழ்ப்பாள் வாங்கிட்டிருந்தேன்."

"குருவி திங்குதுன்னு நெனச்சேன்," என்றார்.

"வாளி நெறயவா குருவி திங்கும்?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பக் கூண்டு வந்தா, குட்டி வெளிய நின்னா, அது என்னாலயா?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனிதர் மனதறிந்து ஓர் எறும்பை மிதித்ததில்லை. அவருடைய அத்தா, என் மாமனாரும் அப்படித்தான் இருந்திருப்பார். அவர்கள் காலத்துக் குளிரில் அந்தக் கல்லுக்கு எப்போதாவது ஒரு கை மாவு வந்தது, குருவிகள் தின்றன. குளிர் போனது. கல்லுக்கு வாளி வாளியாக மாவு வந்தது, கரடி வந்தது. பழக்கம் என்னவோ அதேதான்.

சாக்கடையில் ஊற்றச் சொன்னால் அவர் செய்வார், ஆனால் சோறு இறங்காது. அதனால் கெடாமல் செய்வதுதான் ஒரே வழி. அந்த வாளியைக் கடைக்குள் தூக்கி வந்து மூடிவைத்துவிட்டு, உட்கார்ந்து யோசித்தேன். ராத்திரி ஊறவைப்பதால்தானே தொல்லை? பகலே இப்போது இவ்வளவு சூடாக இருக்கிறது. காலையில் கரைத்தால் மத்தியானம் பொங்கிவிடும். மூன்று மணிக்குப் பிசைந்து, இருட்டுமுன் சுட்டு, விற்று, டப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் ராத்திரிக்கு இங்கே வாசனையே இருக்காது. எந்த வெயில் அவளைக் கூட்டி வந்ததோ, அதே வெயிலை வைத்தே அவளை அனுப்பலாம் என்று தோன்றியது.

தொழிலே தலைகீழானது. காலை டீக்கு வர்க்கி இல்லையா என்று தெரு முழுக்கப் புலம்பல். சாயங்காலம் வாங்கி வையுங்கள், காலையில் தின்னுங்கள் என்றேன். கொஞ்சம் புளிப்பு ஏறிய மாவையும் வீணாக்காமல் சுட்டோம். அந்தப் புளிப்பு வர்க்கிக்கென்றே இப்போது குன்னூரிலிருந்து ஆள் வருகிறது, கேட்டால் சிரிப்பீர்கள். வீரம்மாவுக்குத்தான் பரம திருப்தி. விடியுமுன் காட்டெருமைக்குப் பயந்து பயந்து தேயிலைக்குள் நடந்து வர வேண்டாம்.

"கரடி புண்ணியத்துல எனக்கு இத்தன வருசத்துக்கு அப்பறம் தூக்கம் கெடச்சுதுங்க்கா," என்றாள்.

என் வீட்டுக்காரர் கல்லைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தார். அவள் வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள், கவிழ்த்த டப்பைப் புரட்டினாள், போனாள். மறுபடி வந்தாள். வீடியோவில், திறந்த கதவு வழியே, அவள் காலி டப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வீட்டுக்காரர் போனைத் திருப்பி வைத்துவிடுவார். எனக்கும் மனது பிசையும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டேன்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் மழை பிடித்தது. எங்கிருந்தோ பழைய குளிர் திரும்பி வந்தது. கரைத்த மாவு மூன்று மணிக்கும் அசையவில்லை. நாலரைக்கும் சும்மாவே இருந்தது. அப்படியே டப்பில் விட்டால் ராத்திரி அவள் வந்து தின்பாள். கொட்ட வழியில்லை. அடுப்பருகே இழுத்து வைத்து, பொங்க வைத்து, எல்லாவற்றையும் சுட்டுத்தான் ஆக வேண்டும். கடைசித் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும்போது பொழுது மசங்கிவிட்டது. டப்பை மட்டும் வீரம்மா கழுவிப் பின்னறையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். மழைக்கு வாங்க வந்தவர் எவருமில்லை. கடை நிறையச் சுடச்சுட வர்க்கி.

அப்போது பின்னால் கதவு லேசாக முட்டுப்பட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது. அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் மனப்பாடம்.

பின்னறைக்கும் கடைக்கும் நடுவே சுவர், அதில் தட்டுக் கொடுத்து வாங்க ஒரு சின்ன ஜன்னல். அதற்கு இரும்புக் கம்பி உண்டு, பலகைக் கதவும் உண்டு. நான் அந்த ஜன்னல் கதவைச் சாத்தி ஒரு இடுக்கு வைத்துப் பார்த்தேன். வீரம்மா தன் கம்பளியை உருவி வர்க்கித் தட்டுகளின் மேல் போர்த்தி, அதற்கு மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கம்பளிக்கு அடங்குகிற வாசனையா அது?

அவள் டப்பைப் பார்க்கக்கூட இல்லை. நேராக ஜன்னலுக்கு வந்தாள். இடுக்கில் மூக்கை வைத்து இழுத்தாள். அந்த மூச்சுக்காற்று என் முகத்தில் பட்டது. குட்டி முதுகிலிருந்து இறங்கி, கவிழ்ந்திருந்த டப்பைப் புரட்டி, தலையை உள்ளே விட்டு, காலியாக இருக்கவே அம்மாவின் காலடியில் நின்று முனகியது. பசிக்கிற பிள்ளை முனகுகிற அதே முனகல். இதைக் கேட்ட எந்தத் தாயும் கை கட்டி நிற்கமாட்டாள்.

என் பக்கத்தில் ஏதோ அசைந்தது. வீட்டுக்காரர் கையில் ஒரு வர்க்கி.

"ஒண்ணே ஒண்ணு புள்ள," என்றார், உதடு மட்டும் அசைய. "குட்டிக்கு."

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பலம் காட்டியது அன்று ஒருநாள்தான்.

"அத வண்டியில ஏத்தி அனுப்பறதுக்கு நீங்களே கூண்டு வெக்கறீங்களா?" என்றேன் காதருகே.

அவர் கை தளர்ந்தது. வர்க்கி என் உள்ளங்கையில் நொறுங்கியது. அவ்வளவு சூடு, ஆனாலும் விடாமல் மூடிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நின்றாள். கம்பியில் நகத்தைப் போட்டாள். இழுத்தாள். முட்டிக்கொடுத்து இழுத்தாள். தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். கம்பி அசையவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டாள். கோபப்படவில்லை, எதையும் உடைக்கவில்லை. இனி இங்கே ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள்போல் திரும்பி நடந்தாள். என்ன ஒரு கண்ணியம் அந்த நடையில்.

குட்டி மட்டும் போகவில்லை. உள்ளே திறந்து கிடந்த கதவருகே நின்று, தாழ்ப்பாளை எட்டி எட்டிப் பார்த்து, பிறகு டப்பை உருட்டி வந்து அதன்மேல் ஏறியது. தாழ்ப்பாள் அதன் கைக்கு எட்டியது. சின்ன நகத்தை மாட்டித் தள்ளியது, இழுத்தது. தள்ளியது, இழுத்தது. வெளியே மழையில் அம்மா உறுமினாள். அது இறங்கி ஓடி அவள் முதுகில் ஏறிப் பிடரியைப் பற்றிக்கொண்டது. இரண்டும் பேரிக்காய் மரத்தடியில் நின்றன. அவள் அந்தக் கல்லை ஒருமுறை மோந்தாள். பிறகு உண்ணிச்செடிக்குள் போய்விட்டாள்.

வீரம்மா தட்டுகளின் மேலிருந்து எழுந்து, "போயிருச்சுங்களா?" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என் கையை விரித்து, ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, சிவந்த இடத்தில் ஊதினார்.

மறுநாள் கெஸியா வந்தது.

"நேத்து வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"ஏதாச்சும் தின்னுச்சுங்களா?"

"ஒரு வாய்கூட இல்ல."

என் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்தது. "அப்பக் கூண்டு இல்லீங்க்கா," என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனது. குட்டியின் தாழ்ப்பாள் விவகாரத்தை நான் சொல்லவில்லை. தின்றதா என்றுதானே அந்தப் பெண் கேட்டது?

அதன் பிறகு அவள் வரவில்லை. மலைச்சரிவில் அத்திமரம் பழுத்திருக்கிறது, அங்கே நகத்தடம் பார்த்ததாக வீரம்மா சொன்னாள். அவளுக்குப் பழம் தேடத் தெரியும், எங்களுக்கு முன்னாலேயே தெரியும். குட்டிக்கும் காட்டிக்கொடுத்திருப்பாள்.

போன வாரம் ஜமீல் ஒரு புதுத் தாழ்ப்பாள் கொண்டுவந்தார். ஏதோ எண் போட்டுத் திறப்பதாம், கரடியென்ன, மனிதனே திறக்க முடியாதாம். மாட்டட்டுமா என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"வேண்டாங்க," என்றேன். "பழசே இருக்கட்டும்."

"குட்டிக்கு அது தெரியுமே புள்ள. வளந்து வந்துச்சுன்னா?"

"வரட்டும். தொறந்து பாக்கட்டும்," என்றேன். சொல்லிவிட்டு டப்பைக் கழுவப் போனேன். அன்று ஏற்கெனவே ஒருமுறை கழுவியிருந்தேன். மறுபடியும் எலுமிச்சைத் தோல் போட்டு, விளிம்பு, அடி, கைப்பிடி எல்லாம் தேய்த்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை என்றைக்கு வந்து திறந்தாலும் எதுவும் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.